பட்டியலில் இல்லாத ஹேண்டில்

அத்தியாயம் பதினொன்று

திங்கட்கிழமை காலை நம்பர் ஒன் டோல்கேட்டில் டீ குடிக்க இறங்கிய வீரமலை, கண்ணாடி டம்ளரைத் திருப்பிக் கொடுப்பதற்குள் லாரியை இழந்திருந்தான்.

வந்தவர்கள் பைனான்ஸ் கம்பெனி ஆட்கள், நான்கு பேர். ஒருவன் அவன் கையில் ஒரு காகிதத்தைத் திணித்தான். மற்றவர்கள் வண்டியை ஸ்டார்ட் செய்யப் பார்த்தார்கள், முடியவில்லை. இன்னொரு லாரியின் பின்னால் சங்கிலி போட்டுக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். கடைத்தெருவே நின்று பார்த்தது. ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டு வீட்டுக்கு நடந்தே வந்து சேர்ந்த வீரமலை, அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன்தான்.

மூன்று தவணை பாக்கி என்றது கம்பெனி. ஒன்றுதான் பாக்கி என்றாள் அவன் மனைவி வள்ளிக்கண்ணு. ஐப்பசித் தவணை நின்றது உண்மை. ஆனால் ஆவணிக்கும் புரட்டாசிக்கும் வீடு தேடி வந்த வசூல்காரரிடம் பணம் கொடுத்து ரசீது வாங்கியாகிவிட்டது. அந்த வசூல்காரர் இப்போது வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் வாங்கிய பணம் கம்பெனிக் கணக்கில் ஏறவில்லை.

ரசீதைக் காட்டினால் தீர்ந்தது. ஆனால் ரசீது வீட்டில் இல்லை.

வீரமலைக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு ரசீதையும் சமயபுரம் கொண்டுபோய், மாரியம்மன் சந்நிதியில் வைத்து எடுத்து, ஓரத்தில் குங்குமம் தடவுவான். பிறகு லாரியின் முன்கண்ணாடிக்கு மேலே மாட்டியிருக்கும் அம்மன் படத்தின் பின்பக்கம் செருகிவிடுவான். "டிரங்குப் பெட்டியை எவனும் உடைப்பான். அம்மாவை எவன் தொடுவான்?" என்பான்.

லாரியைக் கட்டி இழுத்தவர்கள் அம்மாவையும் சேர்த்தே இழுத்துப் போய்விட்டார்கள்.

புதன்கிழமை ரிஜிஸ்தர் தபாலில் நோட்டீஸ் வந்தது. சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு லாரி ஏலம். ஏலத்தில் தொகை குறைந்தால் மிச்சத்துக்கு வீரமலையே பொறுப்பு.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வள்ளிக்கண்ணு சுங்கடிப் புடவையை உடுத்திக்கொண்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து மஞ்சள் பைக்குள் வைத்தாள். முசிறி ஸ்கூலில் எட்டாவது வரை படித்தவள். லாரி வாங்கிய வாரமே ஒரு வக்கீல் குமாஸ்தாவை வீட்டுக்கு அழைத்து, அவர் அக்ரிமெண்டைப் படித்து அர்த்தம் சொல்லச் சொல்ல, நம்பர் போட்டுத் தமிழில் அந்த நோட்டில் எழுதி வைத்தவள். அப்போது வீடே சிரித்தது.

"போகாத வள்ளி," என்றான் வீரமலை, சுவரைப் பார்த்தபடியே. "மானம் போனது போதும்."

"மானம் வண்டியோட போகலீங்க. இங்கதான் போர்த்திக்கிட்டுப் படுத்திருக்கு."

கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்த அழகர்சாமி திரும்பினான். வீரமலையின் தம்பி. அண்ணனைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். அண்ணி கையால் சோறு தின்று வளர்ந்தவன். லாரிக்கு இரண்டாவது டிரைவர். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் பிச்சமுத்துவின் மகளை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். தையில் கல்யாணம்.

"நீங்க எதுக்கு அண்ணி அங்கெல்லாம்? யார்டுல கண்ட பயலும் நிப்பான். படமெல்லாம் தர மாட்டாங்க."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"பொதுவாச் சொன்னேன்." சீப்பை ஜன்னலில் வைத்தான். "எனக்கு மண்டிக்கு நேரமாச்சு. போயிட்டு வரேன்."

அவன் டீ கூடக் குடிக்காமல் போனதை வள்ளிக்கண்ணு கவனித்தாள். அதற்கு மேல் அப்போது அதைப் பற்றி நினைக்கவில்லை.

புத்தூர் தாண்டி, தகர வேலி போட்ட ஒரு மைதானம்தான் கம்பெனியின் யார்டு. உள்ளே பிடிபட்ட வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு டாக்ஸியின் பின்கண்ணாடியில் யாரோ குழந்தையின் பலூன் சுருங்கிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில், இரண்டு பஸ்களுக்கு நடுவில், அவர்களுடைய பழைய ஃபார்கோ. முன்புறம் மாட்டிய எலுமிச்சம்பழம் காய்ந்து சுண்டைக்காய் அளவுக்கு ஆகியிருந்தது.

வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த குமாஸ்தாவின் பெயர் பிலோமின்ராஜ். கழுத்தில் சிலுவைக் கயிறு, காதில் பென்சில்.

"என்னம்மா வேணும்?"

"ஃபார்கோ லாரி எங்களுது. உள்ள இருக்கிற எங்க சாமானை எடுக்கணும்."

"வண்டியோட இருக்கிறது எல்லாம் வண்டியோட சேத்திங்கம்மா."

வள்ளிக்கண்ணு நோட்டைப் பிரித்தாள். "அக்ரிமெண்டு கடைசிப் பக்கம். சேசிஸ் ஒண்ணு, எஞ்சின் ஒண்ணு, பாடி ஒண்ணு, ஸ்டெப்னி சேர்த்து டயர் ஏழு, ஜாக்கி ஒண்ணு. இவ்வளவுதான் உங்களுது. மாரியம்மன் எந்த லைன்ல இருக்குன்னு காட்டுங்க."

பிலோமின்ராஜ் அவளையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். திரும்பும்போது கூடவே மேனேஜரும் வந்தார். சலவை வேட்டி, கையில் வெற்றிலைப் பெட்டி.

"ஏம்மா, வீட்டுல ஆம்பளை இல்லையா?"

"இருக்காருங்க. உங்க ஆளுங்க நடுரோட்டுல பண்ணினதுக்கு அவர் வந்து பேசினா வேற மாதிரி ஆயிடும்னு நான் வந்திருக்கேன்."

மேனேஜர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். "மூணு தவணையைக் கட்டிட்டு வண்டியை ஓட்டிக்கிட்டுப் போங்க. எங்களுக்கு என்ன, வண்டியை வச்சுப் பூஜையா பண்ணப் போறோம்?"

"பதினொண்ணாவது ஷரத்து. தொடர்ந்து ரெண்டு தவணை தவறினாத்தான் வண்டியைத் தொடலாம். நாங்க தவறினது ஒண்ணு."

"ரசீது காட்டுங்க."

"ரசீது உங்ககிட்டதான் இருக்கு. உங்க வேலிக்குள்ள, அந்தப் படத்துக்குப் பின்னால."

மேனேஜர் மெல்வதை ஒரு கணம் நிறுத்தினார். பிறகு குமாஸ்தாவைப் பார்த்து, "படத்தைக் கொடுத்தனுப்புய்யா. சாமி விவகாரம் நமக்கு வேண்டாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கேபின் பூட்டியிருந்தது. பிலோமின்ராஜ் சாவியைப் போட்டுத் திறந்தார். வள்ளிக்கண்ணு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். படத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உடனே பிரிக்கவில்லை.

"நீங்களும் பக்கத்துல நில்லுங்க. பின்னால பேச்சு வரக் கூடாது."

படத்தின் பின்னட்டையைச் சுற்றி நான்கு ஆணி இருக்கும். இப்போது இரண்டுதான் இருந்தது. அட்டையைத் தள்ளினாள். குங்குமம் படிந்த ரசீதுகள் கட்டாக வந்தன. மடியில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள். போன வருஷம் ஆனி, ஆடி, ஆவணி என்று மாதம் சொல்லிக்கொண்டே போனாள். இந்த வருஷம் ஆடியோடு நின்றது.

பதினாறு இருக்க வேண்டும். பதினான்கு இருந்தது.

மறுபடியும் எண்ணினாள். அட்டையைத் தட்டிப் பார்த்தாள். சீட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

"ரெண்டைக் காணோம். சரியா அந்த ரெண்டு மட்டும்." அவள் குரல் உயரவில்லை. "எடுத்தது யாருங்க?"

"என் பொண்டாட்டி பேட்ரிசியா மேல ஆணையாச் சொல்றேன், நான் பார்க்காம எங்க ஆளு யாரும் உள்ள ஏறலை. சாவி என் இடுப்புலதான் இருக்கு." பிலோமின்ராஜ் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி வைத்தார். "நேத்து ஏலத்துக்குப் பார்க்க ஒரு பார்ட்டி வந்துச்சு. பார்க்க விடணும், அது ரூலு. மண்டிக்காரர் ஒருத்தர். கூட ஒரு டிரைவர்."

"உள்ள ஏறினாங்களா?"

"டிரைவர் ஏறினார். அதை ஏன் கேக்குறீங்க. இந்த வண்டி ரெண்டு நாளா எங்க உயிரை வாங்கிடுச்சு. செல்ஃப் எடுக்கலை. முன்னால சொருகிச் சுத்தி ஸ்டார்ட் பண்ணலாம்னா, எங்க ஹேண்டில் எதுவும் இதுல சரியா உக்காரலை. ஒருத்தனுக்குத் திருப்பி அடிச்சு மணிக்கட்டு வீங்கிப் போச்சு. அந்த டிரைவர் வந்தார், சீட்டுக்குப் பின்னால கையை விட்டார், ஒரு ஹேண்டிலை உருவினார். கால் சுத்து பின்னால விட்டு, மேல பார்த்து ஒரே இழுப்பு. பசு மாடு மாதிரி நின்னு பேசுச்சு வண்டி. நான் அப்படியே அசந்துட்டேன்."

வள்ளிக்கண்ணு ரசீதுக் கட்டை மஞ்சள் பைக்குள் வைத்தாள்.

கால் சுற்றுப் பின்னால் விட்டு மேலே இழுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருவன் நான்கு நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

சீட்டுக்குப் பின்னால் கையை விட்டாள். சாக்குத் துணியில் சுற்றிய இரும்பு கையில் பட்டது. வெளியே எடுத்தாள். வாழை நாரால் கட்டியிருந்தது. வீரமலை கம்பிதான் போட்டு முறுக்குவான். நாரை இரட்டையாக மடக்கி, நுனியை உள்ளே விட்டு இறுக்கும் அந்த முடிச்சை, அவள் வீட்டுக்கு வந்த புதிதில் எட்டு வயசுக் கொழுந்தனுக்கு அவளே சொல்லிக் கொடுத்தாள். வாழைத்தார் கட்டுகிற முடிச்சு.

"அந்த மண்டிக்காரர் பேரு பிச்சமுத்துதானே?"

"டெபாசிட் கட்டிட்டுப் போயிருக்கார். தெரிஞ்சவங்களா?"

"சம்பந்தி."

பிலோமின்ராஜ் தரையைப் பார்த்தார்.

அவள் கீழே இறங்கிச் செருப்பை மாட்டினாள். "இந்த ஹேண்டில் உங்க லிஸ்ட்ல இருக்கா?"

அவர் காகிதத்தைப் புரட்டினார். "இல்லை."

"இருக்காது. வாங்கினப்போ வந்த ஹேண்டில் பல்லு தேஞ்சு போச்சு. பொன்மலை ஒர்க்‌ஷாப்புல வேலை பார்க்கிற பாக்கியநாதன்னு இவருக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர், லீவு நாள்ல வீட்டுல வச்சு இதைப் பத்தவச்சுக் கொடுத்தார். நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

"லிஸ்ட்ல இல்லாத சாமான் என் கண்ணுக்கே தெரியாதும்மா. பைக்குள்ள போட்டுக்கிட்டுப் போங்க."

"அப்படி வேண்டாங்க. திருடி எடுத்துக்கிட்டுப் போனதா நாளைக்கு ஆகும். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. படம் ஒண்ணு, ரசீது பதினாலு, ஹேண்டில் ஒண்ணு."

"என் வேலைக்கு உலை வைக்கிறீங்களே."

"ரூலு ரூலுன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவர் வேலிப் பக்கம் திரும்பி ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். எழுதினார். எழுத்து அழகாகவே இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் சாக்கைத் தூக்கிப் பார்த்து, "இரும்புக்கு லக்கேஜ் உண்டும்மா," என்றான்.

"கிழிங்க. மடியில இருக்கிற அம்மனுக்கும் சேர்த்துக் கிழிங்க."

"அவங்களுக்குக் கிழிச்சா நான் சமயபுரம் ரூட்ல ஓட முடியாது," என்று லக்கேஜ் டிக்கெட் மட்டும் கிழித்தான்.

காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியது. ஆறு ஐப்பசித் தண்ணீரோடு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. வள்ளிக்கண்ணு மடியிலிருந்த படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கம்பெனிக்காரன் எடுத்திருந்தால் கோபப்பட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை வரும்போலிருந்தது. பஸ்ஸில் அழக் கூடாது என்று அம்மாமண்டபம் வரும்வரை டிக்கெட்டில் இருந்த நம்பரைப் படித்துக்கொண்டே வந்தாள்.

நேராக வீட்டுக்குள் போனாள். படத்தைச் சுவரில் மாட்டினாள். ஹேண்டிலைச் சாக்கோடு, நாரோடு, படத்துக்குக் கீழே வைத்தாள். உலை வைத்தாள்.

இரும்பு தரையில் பட்ட சத்தத்துக்கு வீரமலை புரண்டு படுத்தான். சாக்கைப் பார்த்தான். எழுந்து உட்கார்ந்தான். முடிச்சைப் பார்த்தான்.

"இதை யார் கட்டினது?"

"நீங்களே பாருங்க."

அவன் முடிச்சைத் தொட்டான். அவிழ்க்கவில்லை.

ஐந்து மணிக்கு அழகர்சாமி வந்தான். வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே நுழைந்தவன், படத்தையும் அதன் கீழே இருந்ததையும் பார்த்து நிலைப்படியிலேயே நின்றான்.

"வாங்க தம்பி," என்றாள் வள்ளிக்கண்ணு. "உக்காருங்க."

இருபது வருஷமாக அவள் அவனை வாங்க என்று சொன்னதில்லை. அவன் முகம் வெளுத்தது.

"அண்ணி…"

"யார்டுல உங்களைப் பத்தி ஒரே புகழ்ச்சி. ஒரே இழுப்புல ஸ்டார்ட் பண்ணிட்டாராம் டிரைவர். பசு மாடு மாதிரி நின்னு பேசிச்சாம் வண்டி."

"லாரி எப்படியும் போகப் போகுது அண்ணி. வெளியாள் கைக்குப் போறதுக்கு மாமா எடுத்தா, நம்ம கையிலயே இருக்கும்னுதான்…"

"யார் கையில?"

அவன் கண் சாக்கின் பக்கம் போனது.

"கல்யாணத்துக்கு உன் பேர்ல எழுதித் தரேன்னாரா?" என்று கேட்டான் வீரமலை. நான்கு நாளில் தம்பியோடு அவன் பேசிய முதல் பேச்சு அது.

அழகர்சாமி தலையை நிமிர்த்தினான். "ஆமா. சொன்னார். தப்பா? மழையில நான் ஓட்டலையா? டோல்கேட்டுல படுத்துக் காவல் காக்கலையா? வண்டி உன் பேர்ல, அக்ரிமெண்டு உன் பேர்ல. ஜனங்க கேட்டா இரண்டாவது டிரைவர்ங்கிறே. ஒரு டயர் கூட என் பேர்ல கிடையாது."

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே."

"கேக்கற மாதிரி நீ எங்க வச்சிருந்தே?"

அடுப்பில் உலை கொதித்துத் தட்டை அசைத்தது. வள்ளிக்கண்ணு போய்த் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு வந்தாள். அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதனால்தான் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

"உன் பங்கு என்னன்னு நாளைக்குப் பேசுவோம். நானே உன் பக்கம் நின்னு பேசறேன். இன்னிக்கு எனக்கு ரெண்டு ரசீது வேணும்."

"என்கிட்ட இல்லை."

"கிழிச்சிட்டியா?"

"இல்லை அண்ணி. அம்மன் சத்தியமா இல்லை. குங்குமம் தடவினதைக் கிழிக்கக் கை வரலை. மாமாதான், என்கிட்ட இருக்கட்டும், சனிக்கிழமை தாண்டித் தரேன்னு வாங்கி, மண்டிப் பெட்டியில வச்சுப் பூட்டினார்."

வள்ளிக்கண்ணு மூச்சு விட்டாள். இருக்கிறது. பூட்டிய பெட்டிக்குள் என்றாலும் இருக்கிறது.

"ஹேண்டிலைக் கொடுத்துடுங்க அண்ணி," என்றான் அவன், மெதுவாக. "சனிக்கிழமை ஸ்டார்ட் ஆகலைன்னா பழைய இரும்பு விலைக்குக் கேப்பாங்க. குறையறது நம்ம தலையிலதான் விழும்."

"ஸ்டார்ட் ஆனா மட்டும் ஏறிடுமா? கேக்கப் போறது உன் மாமனார் ஒருத்தர். அவர் சொன்னதுதான் விலை." அவள் ஹேண்டிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "ரசீது இந்த வீட்டுக்கு வர்ற வரைக்கும் இது இங்கதான் இருக்கும். ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல நிக்குது வண்டி. தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் இடம் கிடையாது. ஏலம் எடுக்கறவர் தலையில தூக்கி வச்சுக்கிட்டுப் போகட்டும்."

வீரமலை எழுந்து நின்றான். வேட்டியை உதறிக் கட்டினான்.

"என் காக்கிச் சட்டை எங்க?"

"கொடியில."

சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து ஹேண்டிலுக்குக் கை நீட்டினான். அவள் அதைப் பின்னுக்கு மறைத்தாள்.

"வெறுங்கையோட போங்க. கையில இரும்போட போனா கேசு அவர் பக்கம் திரும்பிடும்."

அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு கையை மடக்கிக்கொண்டான். தம்பியைப் பார்த்து, "முன்னால நட," என்றான்.

"மாமா தர மாட்டார் அண்ணே. சம்பந்தத்தையே முறிச்சுடுவார்."

"நட."

மேலூர் ரோட்டில் அண்ணன் பின்னாலும் தம்பி முன்னாலுமாக இரண்டு பேரும் போவதை வள்ளிக்கண்ணு வாசலில் நின்று பார்த்தாள். பக்கத்து வீட்டில் யாரோ, "வீரமலை எந்திரிச்சிட்டானா?" என்று கேட்டார்கள். அவள், "எந்திரிச்சாச்சு," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

விளக்கேற்றினாள். சோறு வடித்தாள். பலகையை மடியில் வைத்து, வெள்ளைத்தாளை எடுத்து, வலது மேல் மூலையில் ஊரும் தேதியும் போட்டாள்.

மேனேஜர் அவர்களுக்கு,

சனிக்கிழமை நடப்பதாகத் தாங்கள் அறிவித்துள்ள ஏலத்தை நாங்கள் ஆட்சேபிக்கிறோம். காரணங்கள்:

1. அக்ரிமெண்டு பதினொன்றாம் ஷரத்துப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான் வண்டியை எடுக்கத் தங்களுக்கு உரிமை உண்டு.

2. ஆவணி, புரட்டாசி மாதத் தவணைகள் செலுத்தப்பட்ட ரசீதுகளின் நம்பர்கள்

அந்த இடத்தில் பேனாவைத் தூக்கினாள். மண்டி சாத்தும் நேரம் ஆகியிருக்கும். அவர்கள் இப்போது பாலம் தாண்டியிருப்பார்கள். இரண்டு நம்பர் எழுதும் அளவுக்கு இடத்தைக் காலியாக விட்டு, அடுத்த வரிக்குப் போனாள்.

3. மேற்படி லாரியை ஸ்டார்ட் செய்யும் ஹேண்டில் என் வசம் உள்ளது. அது தங்கள் பட்டியலில் இல்லை. தங்கள் குமாஸ்தாவின் கையெழுத்து இத்துடன் இருக்கிறது.

இப்படிக்கு என்று எழுதி, வீரமலையின் பெயருக்கு இடம் விட்டு, அதன் கீழே தன் பெயரைத் தெளிவாக எழுதினாள்.